பக்கத்து சீட்டு பிரேக்

கார் வாத்தியாருக்கு அன்று மத்தியானச் சாப்பாடு இரண்டு கரண்டி கூடவே இறங்கியது. காலையில் அவருடைய சகலை டிரைவிங் டெஸ்டில் தோற்றுப் போயிருந்தார். மனைவியின் தங்கை வீட்டுக்காரர் தோற்றதற்கும் இவருடைய பசிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், வெளியே சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை. "பாவம், முதல் தடவைதானே" என்று வாய் சொல்லிக்கொண்டிருந்தது. கை அதற்குள் தட்டை மறுபடியும் நீட்டியிருந்தது. மனைவி பரிமாறினாள்.

வாத்தியார் கெட்ட மனிதர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். போகப்போகச் சொல்ல வாய்ப்புக் கிடைக்காமல் போகலாம். ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவர். கியர் மாற்றத் தெரியாமல் வண்டியைக் கதற அடிக்கிறவர்களிடம்கூட "அதுவும் ஒரு சத்தம்தான், பரவாயில்லை" என்பார். அவரிடம் கற்றுக்கொண்டவர்கள் பெரும்பாலும் முதல் டெஸ்டிலேயே தேறிவிடுவார்கள். உலகத்திலேயே அவருக்கு ஆகாதவர் ஒரே ஒரு ஆள்தான். அந்த ஆள் இவருக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை என்பதுதான் இதில் பெரிய கொடுமை. செய்திருந்தால் காரணமாவது மிஞ்சியிருக்கும்.

மாமியார் வீட்டுக்கு முதலில் வந்த மாப்பிள்ளை வாத்தியார்தான். மூத்த பெண்ணைக் கட்டியவர். சில வருஷம் அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். அவர் உட்கார்ந்தால் மின்விசிறி அவர் பக்கம் திரும்பும். அவர் ஒரு ஜோக் சொன்னால் மாமனார் உயிரோடு இருந்த காலத்தில் இரண்டு தடவை சிரிப்பார். பிறகு இளைய பெண்ணுக்குக் கல்யாணம் ஆயிற்று. வந்தவர் விளக்குக் கடைக்காரர். சின்னக் கடை இல்லை, இரண்டு மாடி. வாசலில் நின்றாலே கண் கூசும். விசிறி பக்கம் மாறிவிட்டது. மாமியார் 'மாப்பிள்ளை' என்று மொட்டையாகச் சொன்னால் அது சின்னவர். இவரைச் சொல்ல வேண்டுமானால் முன்னால் 'பெரிய' என்று ஒன்றைச் சேர்க்க வேண்டியிருந்தது. பெரிய என்ற சொல் ஒரு மனிதனை இவ்வளவு சின்னவனாக்குமா என்று வாத்தியார் பல தடவை யோசித்திருக்கிறார்.

சின்னவருக்கு நாற்பது தாண்டியும் தலையில் ஒரு முடி குறையவில்லை. சிரித்தால் எல்லாப் பல்லும் வரிசை. ஆள் கொஞ்சம் திமிர் பிடித்தவராகவாவது இருந்து தொலைத்திருந்தால் வெறுப்பதற்கு வசதியாக இருந்திருக்கும். அதற்கும் வழியில்லை. "அண்ணே, அண்ணே" என்று குழைவார். கடையில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள் எந்த வகுப்பில் படிக்கிறார்கள் என்பதுவரை அவருக்குத் தெரியும். மாமியார் வீட்டுக் கூடத்தில் அவர் கொண்டுவந்து மாட்டிய கொத்து விளக்கின் கீழே உட்கார்ந்துதான் வாத்தியார் ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிட வேண்டும். தட்டில் விழுகிற வெளிச்சம்கூட அவன் போட்ட பிச்சை என்று தோன்றும். வாயில் 'அவர்', மனசுக்குள் 'அவன்'. இத்தனை வருஷத்தில் வாத்தியாரின் வாய் ஒரு தடவைகூடத் தவறியதில்லை.

அந்தச் சின்னவர்தான் வெயில் தொடங்கிய சமயத்தில் ஒரு காலை டிரைவிங் ஸ்கூல் வாசலில் வந்து நின்றார். சொந்தக் காரின் பின் சீட்டிலேயே உட்கார்ந்து பழகியவர். டிரைவர் நின்றுவிட்டார், எத்தனை நாளைக்கு இன்னொருத்தர் கையை எதிர்பார்ப்பது, நாமே ஓட்டினால் என்ன என்று தோன்றியது என்றார். கற்றுக்கொண்டால் அண்ணனிடம்தான் என்றும் சொன்னார். வாத்தியாருக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பெருமையும் அவன் கையிலிருந்து வந்ததால் வாங்கி எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

ஸ்டியரிங் முன்னால் உட்கார வைத்ததும் விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. விளக்குக் கடைக்காரருக்கு வண்டி வரவில்லை. கிளட்சை விட்டால் வண்டி துள்ளியது. கியரைத் தேடிக் கை காற்றில் துழாவியது. எதிரில் ஒரு சைக்கிள் வந்தால் அந்தப் பல் வரிசை முழுக்க வெளியே தெரிந்தது. சிரிப்பு இல்லை, பயம். சட்டைக் காலர் நனைந்துவிட்டது. வாத்தியார் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்கு வந்த சிரிப்பைப் பார்த்திருந்தால் சகலை உறவு அன்றைக்கே அறுந்திருக்கும்.

பக்கத்து சீட்டு பிரேக்கைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். கற்றுக்கொடுக்கிற காரில் வாத்தியாரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். ஓட்டுகிறவர் பிரேக் போட மறந்தால் இவர் போடுவார். இரண்டும் ஒரே கம்பியில் பிணைத்தவை. அதைக் கையாளுவதில் ஒரு முறை உண்டு. ஆரம்ப நாட்களில் கால் எப்போதும் அதன் மேலேயே இருக்க வேண்டும். ஆள் தேறத் தேறக் காலைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கிக்கொள்ள வேண்டும். கடைசியில் வாத்தியார் இரண்டு காலையும் சீட்டுக்கு அடியில் இழுத்து வைத்துக்கொண்டு, "இனிமே வண்டியில நீங்க மட்டும்தான்" என்பார். காலை எடுக்கத் தெரியாதவன் வாத்தியாரே இல்லை என்பது அவர் கட்சி. டெஸ்டில் அந்த சீட்டில் அதிகாரி உட்காருவார். அவர் கால் ஒரு தடவை பிரேக்கைத் தொட்டால் போதும், ஓட்டுகிறவர் இறங்கி வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

சின்னவர் விஷயத்தில் வாத்தியார் காலை எடுக்கவில்லை. முதல் டெஸ்ட் வரைக்கும் அது மறதி என்றே வைத்துக்கொள்ளலாம். ஆள் பயந்தவர். ஜனங்கள் குறுக்கே கடக்கிற இடம் வந்தால் அவர் கால் பிரேக்குக்குப் போக நேரம் பிடித்தது. அதற்குள் வாத்தியாரின் கால் லேசாக, தூங்குகிற குழந்தையைத் தட்டுவது போல, அமுக்கிவிடும். வண்டி பதவிசாக நிற்கும். சின்னவர் முகம் மலரும். தானே நிறுத்திவிட்டதாக நினைத்துப் பூரிக்கிறான் என்று வாத்தியார் எடுத்துக்கொண்டார்.

டெஸ்டில் அதே மாதிரி ஒரு இடத்தில் அதிகாரிதான் பிரேக் போட்டார். மைதானத்துச் சுவரோரம் நின்றிருந்த வாத்தியார், சின்னவர் தலையைத் தொங்கப்போட்டு வருவதைப் பார்த்து "அடடா" என்றார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். முதுகில் தட்டி, தண்ணீர் வாங்கிக் கொடுத்து, ஆறுதல் சொல்லி அனுப்பிவிட்டு, தனியாக வண்டியில் ஏறினார். ஏறிய பிறகு ஒரு பழைய மெட்டு தானாகவே வாயில் வந்தது. தெரு, கடை, டிராபிக் போலீஸ் எல்லாருமே அன்றைக்கு நல்லவர்களாகத் தெரிந்தார்கள். அப்படிப்பட்ட சந்தோஷம் அவருக்குத் தன் சொந்தக் காரியம் எதிலுமே வந்ததில்லை. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்ட சாப்பாடுதான் முதலில் சொன்னது.

அதிகாரி எழுதிக் கொடுத்த காரணம் 'பிரேக் தாமதம்'. அதைக் கேட்ட உடனேயே வாத்தியாருக்குப் புரிந்துவிட்டது. இத்தனை வருஷத் தொழில், புரியாமல் இருக்குமா? அடுத்த வகுப்பில் காலை எடுத்துவிட வேண்டியது என்று முடிவு செய்தார். அடுத்த வகுப்பில், நாளைக்கு எடுக்கலாம் என்று தோன்றியது. நாளைக்கு, திங்கட்கிழமையிலிருந்து எடுக்கலாம் என்று தோன்றியது. நல்ல காரியம் எதையும் நடுவாரத்தில் தொடங்கக் கூடாது.

மனசு அவ்வப்போது வழக்குப் போடும். வாத்தியாரே வக்கீலாகவும் நிற்பார், நீதிபதியாகவும் உட்காருவார். நானா அவனைத் தள்ளிவிட்டேன்? அவனாக விழுகிறான், நான் பார்க்கிறேன். பார்க்கும்போது உள்ளே இனிக்கிறது. அது என்ன நான் சொல்லியா இனிக்கிறது? மனசு ஓடுவதற்கு எந்த ஊரிலும் லைசென்ஸ் கேட்பதில்லை. கை காலால் செய்வதற்குத்தான் கணக்கு. இந்த இடம் வந்ததும் வாத்தியார் வழக்கைச் சட்டென்று ஒத்திவைத்துவிடுவார். ஏனென்றால் இங்கே வேலை செய்துகொண்டிருந்தது கால்தான்.

இரண்டாவது டெஸ்டிலும் சின்னவர் தோற்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டுக்கு வாத்தியார் ஒரு கல்யாணத்துக்குப் போகிற உற்சாகத்தோடு போனார். போன இடத்தில் நடந்தது வேறு. மாமியார் சின்னவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, யானைக்கும் அடி சறுக்கும் என்று தேற்றிக்கொண்டிருந்தார். மைத்துனி, வெயிலில் நின்று கறுத்துவிட்டாரே என்று உருகினாள். போன வருஷம் வாத்தியாரின் கார் கியர் பெட்டி உடைந்து ஒரு மாதம் முடங்கிக் கிடந்தபோது, இதே மாமியார் 'எல்லாம் நேரம்' என்று சொல்லிவிட்டு டிவியைப் போட்டார். அவன் யானை. அப்படியானால் நான் யார், பூனையா? எழுந்தாலும் அவனுக்கே மாலை, விழுந்தாலும் அவனுக்கே மெத்தை. வாத்தியாருக்கு அன்றைக்குத் தண்ணீர்கூடக் கசந்தது. திங்கட்கிழமை காலை அவர் கால் பக்கத்து சீட்டு பிரேக்கில் முன்னைவிடக் கரிசனமாக உட்கார்ந்தது. இந்தத் தடவை அதற்கு மறதி என்று பெயர் வைக்க அவராலேயே முடியவில்லை.

ஆனால் அந்தக் காலை நேரத்தை அவர் எவ்வளவு எதிர்பார்த்தார் என்பதையும் சொல்ல வேண்டும். படுக்கையை விட்டு எழும்போதே உடம்பில் ஒரு சுறுசுறுப்பு. "திருப்புங்க தம்பி", "கண்ணாடியைப் பாருங்க தம்பி", "அவசரப்படாதீங்க தம்பி" என்று அவர் சொல்லச் சொல்ல, ஊர் அண்ணாந்து பார்க்கிற ஆள் பள்ளிக்கூடப் பிள்ளை போலக் கேட்டு நடந்தார். மற்ற மாணவர்களுக்கு ஒரு நிமிஷம் அதிகமாகக் கொடுக்காதவர், சின்னவருக்கு நேரம் பார்க்காமல் கற்றுக்கொடுத்தார். அந்த அக்கறையைப் பார்த்து மைத்துனி போனில் நன்றி சொன்னாள்.

மூன்றாவது டெஸ்டும் போயிற்று. இந்தத் தடவை சின்னவர் வீட்டுக்குப் போகவில்லை. வாத்தியாரின் வண்டியிலேயே ஏறி உட்கார்ந்து, கொஞ்ச தூரம் போனதும் ஓரமாக நிறுத்தச் சொன்னார். ஒரு பூட்டிய கிடங்கின் சுவரோரம் வண்டி நின்றது. சின்னவர் கண்ணாடி வழியாகவே பார்த்துக்கொண்டு பேசினார்.

"அண்ணே, கடை போயிடுச்சு."

வாத்தியாருக்கு முதலில் எந்தக் கடை என்றே விளங்கவில்லை. பிறகு ஒவ்வொன்றாக வந்தது. புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த ஒரு பெரிய ஹோட்டலுக்கு, அறைக்கு அறை விளக்கு செய்து தர ஒப்புக்கொண்டிருக்கிறார். எல்லா விளக்கிலும் அந்த ஹோட்டலின் சின்னத்தை வார்த்துச் செய்தாயிற்று. ஹோட்டல் பாதிக் கட்டடத்தோடு நின்றுபோயிற்று. இன்னொருத்தர் சின்னம் போட்ட விளக்கை வேறு யார் வாங்குவார்கள்? மேல்மாடியை மூடினார். கீழ்மாடியும் இந்த மாதத்தோடு முடிகிறது. டிரைவர் தானாக நின்றுவிடவில்லை, இவர்தான் அனுப்பிவிட்டார். காரும் கைமாறப் போகிறது. ஒரு பல்பு கம்பெனி இவரை எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறது. வேன் கொடுப்பார்கள், சரக்கை ஏற்றிக்கொண்டு கடை கடையாகப் போய்ப் போட வேண்டும். மாதக் கடைசிக்குள் லைசென்ஸ் காட்டினால் வேலை இவருக்கு, இல்லாவிட்டால் அடுத்த ஆளுக்கு.

"வீட்டுல அவளுக்குக்கூடத் தெரியாது. தினமும் கடைக்குப் போறேன்னுதான் கிளம்புறேன். உங்ககிட்ட கிளாஸ் முடிச்சுட்டு, சாயங்காலம் வரைக்கும் பார்க்குல உட்கார்ந்திருக்கேன். உங்க ஒருத்தர்கிட்டதான் சொல்றேன்."

வாத்தியாரின் கை தானாகவே போய் அவர் தோளைப் பிடித்தது. அந்தக் கை பொய் சொல்லவில்லை. நிஜமாகவே ஆறுதலாகத்தான் பிடித்தது. அதே நேரத்தில் உள்ளே பழம் நழுவிப் பாலில் விழுந்தது. கடை போயிற்று. இரண்டு மாடியும் போயிற்று. காரும் போகிறது. இனிமேல் மாமியார் வீட்டு வாசலில் வந்து நிற்கப் போவது பல்பு வேன். வாத்தியாருக்குக் கண் கலங்கியது. அது துக்கமா சந்தோஷமா என்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. சின்னவர் துக்கம் என்று எடுத்துக்கொண்டு அவர் கையைப் பற்றிக்கொண்டார்.

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று கொடுத்த வாக்கு வீட்டு வாசல்படி வரைக்கும் தாங்கியது. செருப்பைக் கழற்றும்போதே மனைவியிடம் கொட்டிவிட்டார். அவள் மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள். வாய் ஓரத்தில் ஒரு சின்ன அசைவு வந்து போனதை வாத்தியார் கவனித்தார். கூட்டாளி கிடைத்த தெம்பு வந்தது அவருக்கு.

"உனக்கும் சந்தோஷம்தானே?" என்றார் மெதுவாக.

அவள் மறைக்கவில்லை. "ஒரு நிமிஷம் இனிச்சுது. தங்கச்சி புதுசு புதுசா வாங்கிட்டு வந்து என்கிட்ட காட்டும்போதெல்லாம் எனக்கு எரிஞ்சிருக்கு, இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா இப்போ அவ ஒண்ணும் தெரியாம அங்க சமைச்சிட்டு இருப்பா. அதை நினைச்சதும் போயிடுச்சு." துணியை மறுபடியும் கையில் எடுத்துக்கொண்டு கேட்டாள்: "உங்ககிட்ட கத்துக்கிட்டவங்க யாராவது இத்தனை தடவை தோத்திருக்காங்களா?"

சின்னவருக்குக் கை வரவில்லை, பயந்த சுபாவம், வயதும் ஆயிற்று என்று வாத்தியார் அடுக்கினார். அவள் கேட்டுக்கொண்டாள். பிறகு, நாளைக்குத் துணிக் கடைவரை போக வேண்டும், வகுப்பு நடக்கும்போது பின் சீட்டில் நானும் வருகிறேன் என்றாள். வேண்டாம் என்று சொல்ல வாத்தியாருக்கு ஒரு காரணமும் அகப்படவில்லை.

மறுநாள் அவள் பின் சீட்டில் நடுவாக உட்கார்ந்தாள். அங்கிருந்து பார்த்தால் முன்னால் இரண்டு பேர் காலும் தெரியும். துணிக் கடைக்குப் போகிறவள் அங்கே உட்கார வேண்டிய அவசியமில்லை என்பது வாத்தியாருக்குத் தெரிந்தது. வண்டி கிளம்பியது. வழக்கம்போல அவர் கால் பிரேக்கின் மேல் போய் உட்கார்ந்தது. பிடரியில் சூடு ஏறியது.

வாத்தியார் காலை எடுத்தார். இரண்டு காலையும் சீட்டுக்கு அடியில் இழுத்து வைத்துக்கொண்டார். திடீரென்று மனசு திருந்தி எடுத்தார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. பெண்டாட்டி பார்க்கிறாளே என்று எடுத்தார். சின்னவர் ஒரு கணம் குனிந்து அவர் காலைப் பார்த்தார், பிறகு ரோட்டைப் பார்த்தார்.

மருத்துவமனை வாசலில் ஒருவர் ஊன்றுகோலோடு குறுக்கே இறங்கினார். வண்டி வேகம் குறையாமல் போனது. வாத்தியாரின் கால் துடித்தது. தொடையைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "தம்பி, கால்" என்று மட்டும் சொன்னார். சின்னவர் மிதித்த மிதியில் வண்டி குலுங்கி நின்றது. பின் சீட்டுக்காரியின் பை முன்னால் வந்து விழுந்தது. ஊன்றுகோல்காரர் திட்டிக்கொண்டே கடந்து போனார். சின்னவரின் உதடு வெளுத்திருந்தது. ஆனால் வண்டியை நிறுத்தியது அவர்தான், முதல் தடவையாக. மனைவி துணிக் கடை வாசலில் இறங்கிக்கொண்டாள். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

அதன் பிறகு வாத்தியார் ஒழுங்காகக் கற்றுக்கொடுத்தார். எங்கே கால் பிரேக்குக்குப் போக வேண்டும், எதைப் பார்த்ததும் போக வேண்டும் என்று பிட்டுப் பிட்டு வைத்தார். சின்னவர் மளமளவென்று பிடித்துக்கொண்டார். அதுதான் தாங்கவில்லை. வண்டி அழகாக நிற்கும் ஒவ்வொரு தடவையும் வாத்தியாருக்கு வயிறு எரிந்தது. இதிலும் ஜெயித்துவிடப் போகிறான். கடையைத் தொலைத்தவன் ஆயிற்றே என்று இரக்கப்பட முயன்று பார்த்தார். இரக்கம் வந்தது, வந்து பொறாமைக்குப் பக்கத்திலேயே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டது. அதை எழுப்பிவிட்டு இது உட்காரவில்லை.

கடைசி டெஸ்ட் அன்று வாத்தியார் மைதானத்துச் சுவரோரம் நின்றார். அதிகாரி பக்கத்து சீட்டில் ஏறினார். வண்டி சுற்றி வந்தது, மேட்டில் ஏறி இறங்கியது, ஜனங்கள் கடக்கிற கோட்டை நெருங்கியது. வாத்தியாரின் வலது கால் தரையை அழுத்தியது. நிற்க வேண்டும் என்று அழுத்துகிறோமா, இல்லை இந்தத் தடவையும் தோற்றுவிட வேண்டும் என்று பழக்கத்தில் அழுத்துகிறோமா என்று அவருக்குத் தெரியவில்லை. வண்டி கோட்டுக்கு முன்னால் பதவிசாக நின்றது. அதிகாரி அசையவில்லை.

நல்லது செய்தால் மனசு குளிரும் என்பார்கள். வாத்தியார் காத்திருந்து பார்த்தார். குளிரவில்லை. காகிதத்தை ஆட்டிக்கொண்டு ஓடிவந்த சின்னவரின் பல் வரிசையைப் பார்த்ததும் பழைய எரிச்சல் ஒரு குறையும் இல்லாமல் எழுந்து நின்றது. அதோடு புதிதாக ஒரு வெறுமையும் சேர்ந்தது. நாளைக் காலை எழுந்து அவர் யாரைத் தோற்கடிப்பார்?

ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டில் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோது சின்னவர் விஷயத்தை உடைத்தார். கடை போனது, கார் போனது, நாளையிலிருந்து வேன் ஓட்டப் போவது எல்லாம் சொன்னார். மைத்துனிக்கு அவர் முந்தின நாளே சொல்லியிருந்தார் போலிருக்கிறது. அவள் கண் வீங்கியிருந்தாலும் அவர் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். மாமியார் கையில் கரண்டியோடு அப்படியே நின்றார். வாத்தியார் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது சின்னவர் அவர் பக்கம் திரும்பினார்.

"இன்னொண்ணும் சொல்லணும். கடை சாயுதுன்னு தெரிஞ்சதுமே வியாபாரத்துல கூட இருந்தவங்க ஒவ்வொருத்தரா விலகிட்டாங்க. அண்ணன் ஒருத்தர்தான் விலகலை. நான் வண்டி ஓட்டும்போது என் காலுக்குக் கீழ பிரேக் தானா இறங்கும். அவர் பக்கத்துல இருந்து அமுக்கறார்னு எனக்கு முதல் வாரமே தெரியும். அதனாலதான் டெஸ்டுல தோக்கறேன்னும் தெரியும். ஆனா காலை எடுங்கண்ணேன்னு கேக்க மனசு வரலை. என்னை விழாம ஒருத்தர் பிடிச்சிட்டு இருக்கார்ங்கற நினைப்பு, நாள் முழுக்க அந்த ஒரு மணி நேரம்தான் எனக்குக் கிடைச்சுது." எல்லாரையும் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்: "அவரா ஒருநாள் காலை எடுத்தார். இனிமே நீ தனியா நிப்பேன்னு சொல்ற மாதிரி இருந்துச்சு."

மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வாத்தியாரின் பக்கத்தில் வந்து, அவர் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "இந்த வீட்டுக்கு ஆம்பளைப் பிள்ளை இல்லைன்னு நான் இனிமே சொல்ல மாட்டேன்" என்றார். வாத்தியார் இத்தனை வருஷமாக இந்தக் கூடத்தில் எதற்காக வெந்துகொண்டிருந்தாரோ அது வந்துவிட்டது. எல்லார் கண்ணும் அவர் மேல் இருந்தது. மைத்துனி அவரைக் கும்பிடாத குறை. சும்மா இருந்திருக்கலாம். ஒரு வாய் சாப்பாட்டை எடுத்து வாயில் போட்டிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும்.

"இல்லை" என்றார் வாத்தியார். "அது பாசம் இல்லை. நீங்க தோக்கணும்னுதான் அமுக்கினேன். முதல் தடவை தெரியாம. அப்புறம் தெரிஞ்சேதான். நீங்க தோக்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு தம்பி. கடை போயிடுச்சுன்னு சொன்னீங்களே, அப்பவும்."

சின்னவர் அவரையே பார்த்தார். பிறகு, அந்த நல்ல பல் வரிசை முழுவதும் தெரிய, கண்ணில் தண்ணீரோடு சிரித்தார். "பாத்தீங்களா, நான் சொல்லலை? புகழ்ந்தா இவருக்குப் பிடிக்காது. உடனே தன்னையே மட்டம் தட்டிப்பார்" என்றார். மைத்துனியும் அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். குணம் என்றால் இதுதான் குணம் என்றார் மாமியார். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று வாத்தியார் மறுபடியும் ஆரம்பித்தார். சிரிப்பு இன்னும் பலமாயிற்று. அவர் தட்டில் முதலில் பரிமாறினார்கள், எல்லாவற்றிலும் நல்ல பாகமாகப் பார்த்து. அவர் அதைக் கடைசிவரை சாப்பிட வேண்டியிருந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது மனைவி பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தாள். அங்கே எல்லாரும் சிரித்தபோது அவள் மட்டும் காலித் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனதை வாத்தியார் பார்த்திருந்தார். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார். அவள் உடனே இறங்கவில்லை.

"அங்க யாரும் நம்பலை" என்றாள். "நான் நம்பறேன்."